பார்த்தவர் கடன்

காங்கோ நாட்டின் உட்பகுதியில், சேறும் அடர்ந்த மரங்களுமான பாதையில் சிலர் உலோகப் பெட்டிகளைத் தலைச்சுமையாகத் தூக்கிச் செல்கிறார்கள். பெட்டிகளுக்குள் மருந்து கிடையாது, தானியமும் கிடையாது. துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கிய ஒரு நியான் விளக்குப் பலகை இருக்கிறது. இரவில் ஓர் ஊரில் ஜெனரேட்டரை ஓடவிட்டு அதை ஏற்றுகிறார்கள். ‘வறுமையை அனுபவியுங்கள்’ என்று ஆங்கில எழுத்துகள் ஒளிர்கின்றன. இடையே ‘தயவுசெய்து’ என்ற சொல் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது. வெளிச்சத்தைக் கண்ட மகிழ்ச்சியில் ஊர்மக்கள் அதைச் சுற்றி ஆடுகிறார்கள்.

நெதர்லாந்துக்காரரான ரென்சோ மார்ட்டென்ஸ் எடுத்து 2008-இல் வெளியான ஆவணப்படத்தின் காட்சி இது. படத்தின் பெயரும் அந்த வாசகம்தான். காங்கோவின் செம்பும் தங்கமும் பாமாயிலும் வெளியாருக்கு வருமானம் தருவதைப் போலவே அந்நாட்டின் வறுமையும் வருமானம் தருகிறது என்கிறது படம். நிவாரண அமைப்புகளின் நிதி திரட்டல், செய்தி நிறுவனங்களின் புகைப்படங்கள், ஆவணப்படக்காரர்களின் புகழ் எல்லாம் அந்த ஊற்றிலிருந்தே நீர் எடுக்கின்றன. அப்படியானால் அந்த வளத்துக்கு உரியவர் யார்? வறியவர்களுக்கு அதில் பங்கு உண்டா?

உள்ளூரில் கல்யாணம், பிறந்தநாள் என்று படமெடுத்துச் சில்லறை பார்க்கும் புகைப்படக்காரர்கள் சிலருக்கு மார்ட்டென்ஸ் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கொண்டாட்டத்தின் படத்தைவிட, எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குழந்தையின் படத்துக்கு உலகச் சந்தையில் பல மடங்கு விலை. குழந்தை உங்கள் ஊர்க் குழந்தை; காமிராவும் உங்கள் கையில் இருந்தால் என்ன என்று கேட்கிறார். அவர்களும் படமெடுக்கிறார்கள். எடுத்த படங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு மருத்துவ நிவாரண அமைப்பிடம் போகிறார்கள். அங்கே மறுப்புதான் கிடைக்கிறது. அதே நோயாளிகளை வெளிநாட்டு நிருபர்கள் படமெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த அலுவலக வாசலிலிருந்து திரும்பும் இளைஞர்களின் முகம் படம் முடிந்தபிறகும் பார்த்தவரை விடுவதில்லை.

இந்தப் படம் திரைப்பட விழாக்களுக்குப் போனது, கலைக்கூடங்களுக்கும் போனது. வறுமையின் படத்தை விற்பதும் வாங்குவதும் என்ன நியாயம் என்று கேட்ட படைப்பே விற்கவும் வாங்கவும் உரிய பொருளாயிற்று. மார்ட்டென்ஸுக்கு இது முன்பே தெரியும். படத்துக்குள் அவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்வதே இல்லை. தம் முகத்தையே ரசித்துக் காமிராவில் பதிவுசெய்துகொள்ளும் ஐரோப்பியராக, வறியவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று நம்புகிறவராக அவர் வருகிறார். பார்ப்பவர் கோபத்தை அவர்மேல் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாக எழுந்துபோகக்கூடும். சற்று யோசித்தால் அந்த நிம்மதியும் நிலைக்காது.

அடிப்படைக் கேள்வி சந்தையைப் பற்றியதன்று, அறத்தைப் பற்றியது. பிறர் துயரத்தின் படத்தை விலைகொடுத்து வாங்குகிறவர் எதை வாங்குகிறார்? துயரம் அதை அனுபவித்தவரிடமே இருக்கிறது. படம் எடுத்தவரின் திறமைக்கு விலை உண்டு, சரி. ஆனால் வாங்குகிறவரை ஈர்ப்பது திறமை மட்டும்தானா?

‘கண்ணோட்டம்’ என்ற சொல்லை இன்று ‘பார்வைக் கோணம்’ என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். பொருளாதாரக் கண்ணோட்டம், வரலாற்றுக் கண்ணோட்டம் என்கிறோம். குறளில் அந்தச் சொல்லுக்கு இரக்கம் என்று பொருள். கண் பிறர்மீது ஓடும்போது மனமும் கூடவே ஓடிச் சேர்வதுதான் கண்ணோட்டம். 58-ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. அந்த அதிகாரம் அருளுடைமைக்குப் பக்கத்தில் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசியல் பகுதியில், ஆள்பவருக்கான பாடங்களுக்கு நடுவே இருக்கிறது. பார்த்து இரங்கும் கடமை முதலில் யாருக்கு என்றால், பார்த்தபின் ஏதாவது செய்யும் வலு உள்ளவருக்கு என்று அந்த வைப்புமுறை சொல்வதாகவே படுகிறது. அடுத்த அதிகாரம் ஒற்றாடல். இரங்கிப் பார்க்கும் கண்ணும் உளவு பார்க்கும் கண்ணும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. ஆவணப்படக்காரரின் காமிரா எந்த வீட்டைச் சேர்ந்தது என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானமாக வேண்டியிருக்கிறது.

மும்பைக் குடிசைவாசிகளைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் 1985-இல் எடுத்த ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் இந்தக் கேள்வி நேராகவே எழுகிறது. குடிசை இடிக்கப்பட்ட நிலையில் ஒரு பெண், எங்களைப் படமெடுத்து உங்களுக்குப் பெயர் கிடைக்கும், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பொருளில் படக்குழுவைச் சாடுகிறார். பட்வர்தன் அதை வெட்டி எறியவில்லை. தம்மீதான குற்றச்சாட்டைத் தம் படத்துக்குள்ளேயே வைத்தார். அவர் படங்கள் குடியிருப்புகளிலும் கல்லூரிகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் திரையிடப்பட்டன. அவற்றைத் தூர்தர்ஷனில் ஒளிபரப்ப அவர் நீதிமன்றம்வரை போய்ப் போராடினார். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனைக்குப் படத்தின் பலம் கூடும் என்பது அந்த வழி.

கலைச் சேகரிப்பாளர்களின் உலகம் இதற்கு நேர் எதிர்த் திசையில் இயங்குகிறது. வீடியோவை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தால் விலை இருக்காது. ஆகவே மூன்று பிரதி, ஐந்து பிரதி என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கலைஞர் கையொப்பமிட்ட சான்றிதழ் கொடுப்பார்கள். ஜெர்மனியின் கெர்ரி ஷூம் 1970 வாக்கில் வீடியோவுக்கென்றே ஒரு கலைக்கூடம் தொடங்கியபோது இதை விற்கவே முடியாது என்று பலரும் நினைத்தார்கள். 1980களின் இறுதியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் கிராம்லிக் தம்பதி போன்றவர்கள் ஓடும் பிம்பங்களையே முதன்மையாகச் சேகரித்தார்கள். பிறகு ஆவணப்படச் சாயல் கொண்ட படைப்புகளும் அந்த வழியே அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போயின. ஊரறிய வேண்டிய துயரம் ஐந்து பேருக்கு மட்டும் உரியதாவதில் உள்ள முரணை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் இந்தச் சேகரிப்பாளர்களை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. அரசும் தொலைக்காட்சியும் கைவிட்ட படைப்பாளிகளுக்கு அவர்கள் பணம்தான் அடுத்த படத்தைச் சாத்தியமாக்கியிருக்கிறது. பழைய நாடாக்கள் பூஞ்சை பிடிக்காமல் காக்கப்படுவதும் அவர்கள் செலவில். பலருக்கு உண்மையான மன உறுத்தலும் இருக்கிறது. அந்த உறுத்தலைத் தணிக்கும் வழியாகவே அவர்கள் இந்தப் படைப்புகளை நாடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பிறர் வலியைப் படங்களில் பார்ப்பது பற்றி 2003-இல் ஒரு முழு நூலே எழுதிய சூசன் சொன்டாக், இரக்கப்படுகிறவர் அந்த இரக்கத்தாலேயே தமக்கும் அந்தத் துயரத்தின் காரணத்துக்கும் தொடர்பில்லை என்று நம்பிவிடுகிறார் என எச்சரித்தார். வாங்கிய படம் சுவரில் ஏறியதும் கணக்கு முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது.

கணக்கு முடிக்கும் இந்த ஆசை மிகப் பழையது. இத்தாலியின் பாதுவா நகரில் என்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞி என்ற செல்வர் கட்டிய சிற்றாலயம் 1305-இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்சுவர் முழுவதும் ஜோத்தோ தீட்டிய ஓவியங்கள். ஐரோப்பிய ஓவிய வரலாற்றையே திருப்பியவை. என்ரிக்கோவின் தந்தை வட்டித் தொழிலில் பேர்போனவர். தாந்தே தம் காவியத்தில் அந்தக் குடும்பத்தவர் ஒருவரை நரகத்தில் உட்காரவைத்தார். அவர் அந்தத் தந்தைதான் என்று உரையாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். குடும்பத்தின் பாவத்துக்குப் பரிகாரமாக மகன் ஆலயம் எழுப்பினார் என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு. இறுதித் தீர்ப்பைக் காட்டும் சுவரில், மீட்பு பெறுவோர் பக்கத்தில், என்ரிக்கோவே மண்டியிட்டு ஆலயத்தின் சிறு வடிவத்தை அன்னை மரியாளிடம் நீட்டுகிறார். கலையின் அழகு அங்கே பொய்யன்று. வட்டி கட்டி நொடித்தவர்களின் கணக்கு மட்டும் அந்தச் சுவரில் எங்கும் இல்லை.

நம் பாட்டிமார் துவைக்கும் கல்லில் தேய்த்த சன்லைட் சோப்பை உருவாக்கிய வில்லியம் லீவரும் பெரிய சேகரிப்பாளர். இங்கிலாந்தில் தொழிலாளர்களுக்காகத் தாம் அமைத்த போர்ட் சன்லைட் ஊரில், மறைந்த மனைவியின் நினைவாக அவர் எழுப்பிய கலைக்கூடம் 1922-இல் திறந்தது. இன்றும் ஓவியங்களோடு அழகாக இருக்கிறது. சோப்புக்கு எண்ணெய் வேண்டும். 1911-இல் பெல்ஜிய அரசு காங்கோவில் அவருக்குப் பெரும் நிலப்பரப்புகளில் எண்ணெய்ப்பனை உரிமை கொடுத்தது. குவிலு, குவெங்கே ஆறுகள் சேரும் இடத்தில் எழுந்த தோட்ட ஊருக்கு லெவர்வில் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே பழக்குலை வெட்டக் கட்டாய உழைப்பு எப்படிப் பெறப்பட்டது என்பதை ஜூல் மார்ஷால் என்ற பெல்ஜிய வரலாற்றாளர் ஆவணங்களைக் கொண்டே எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் யூனிலீவர் ஆன அந்த நிறுவனத்தின் பெயரில்தான் 2000 முதல் 2012 வரை லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் ஆண்டுதோறும் புகழ்பெற்ற கலைஞர்களின் பெரும்படைப்புகள் வைக்கப்பட்டன.

அந்த லெவர்வில்லுக்கு இன்று லுசாங்கா என்று பெயர். மார்ட்டென்ஸ் அந்த நியான் பலகைப் படத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது அங்கேதான். விமர்சனப் படம் எடுத்தவருக்கு ஐரோப்பாவில் பெயர் கிடைத்தது. படத்தில் வந்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை. இந்த உண்மையை அவர் மறைக்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. தோட்டத் தொழிலாளர்களும் சூழலியல் போராளி ரெனே ங்கோங்கோவும் சேர்ந்து 2014-இல் காங்கோ தோட்டத் தொழிலாளர் கலை வட்டத்தை அமைத்தார்கள். சுருக்கமாகச் சி.ஏ.டி.பி.சி.

அவர்கள் ஆற்றுக் களிமண்ணில் சிலை செய்தார்கள். அந்த உருவங்களைக் கணினியில் முப்பரிமாணமாகப் பதிவுசெய்து, ஆம்ஸ்டர்டாமில் அச்செடுத்து, சாக்லேட்டில் வார்த்தார்கள். உலகின் மிகப்பெரிய கோகோ இறக்குமதித் துறைமுகம் ஆம்ஸ்டர்டாம். தோட்டத்திலிருந்து கச்சாப் பொருளாகப் போனது அங்கிருந்து கலையாகத் திரும்பும் வழியும் அதுவே ஆயிற்று. 2017 தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்கல்ப்ச்சர் சென்டரில் அவை காட்சிக்கு வந்தன. செட்ரிக் தமசாலா தம் தாத்தா எப்படிப் பிழைத்தார் என்பதைச் சிலையாக்கியிருந்தார். இன்னொரு சிலையின் தலைப்பே ‘கலைச் சேகரிப்பாளர்’. சாக்லேட்டின் மணமும் அடிமைத்தனத்தின் கதையும் ஒரே பொருளில் கலந்திருக்க, முன்னே நிற்பவருக்கு வெறும் பார்வையாளராக நிற்க இடமில்லாமல் போகிறது. நாவில் பழகிய சுவை அது. எங்கோ தொலைவில் நடந்த கொடுமை என்று அதைச் சொல்ல முடியாது.

விற்ற பணம் லுசாங்காவுக்குப் போனது. அதைக் கொண்டு அவர்கள் நிலம் வாங்கினார்கள். ஒற்றைப் பயிரால் சத்திழந்த, நிறுவனம் விட்டுப்போன மண். அதில் உணவுப் பயிர்களும் மரங்களும் கலந்து நட்டார்கள். இன்று அது ஏறத்தாழ 200 ஹெக்டேர். தாத்தாக்களிடமிருந்து விலையின்றிப் பறிபோன நிலத்தைப் பேரன்கள் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் ‘கடன்’ என்றால் திருப்பித் தர வேண்டிய தொகை. செய்ய வேண்டிய கடமையும் அதே சொல்தான். காலைக்கடன், நேர்த்திக்கடன் என்றெல்லாம் சொல்லும்போது பணமும் அறமும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. பிறர் துயரத்தைக் கண்டவர்மேல் ஒரு கடன் விழுகிறது. படத்தை வாங்குவது அந்தக் கடனுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். அதை அடைத்ததற்கான ரசீதாக எடுத்துக்கொள்கிற சேகரிப்பாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். லுசாங்காவில் நடந்ததன் மதிப்பு இதில்தான் தெரிகிறது. அங்கே கடன் இரக்கமாக வரவு வைக்கப்படவில்லை. ஏக்கர் கணக்கில், பத்திரப் பதிவோடு, பறிகொடுத்தவர்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டது.

குறைகள் இல்லாமலில்லை. 2017-இல் அந்தத் தோட்ட நிலத்தின் நடுவே, கலைக்கூடங்களுக்கே உரிய வெள்ளைச் சதுர அறையாக ஒரு கட்டடம் எழுந்தது. பெரும்பெயர் பெற்ற டச்சுக் கட்டடக் கலை நிறுவனம் ஓ.எம்.ஏ. அதை வடிவமைத்தது. மறுபடியும் ஓர் ஐரோப்பியர் வந்து காங்கோவில் கட்டடம் கட்டுகிறார், மறுபடியும் கதையின் நாயகர் அவரே என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2020-இல் வெளியான ‘வெண்சதுரம்’ ஆவணப்படத்தையும் மார்ட்டென்ஸே இயக்கினார். இந்த விமர்சனம் நியாயமானது. யார் கையில் காமிரா இருக்கிறதோ அவர் பக்கம் கதை சாய்வது இயல்பு. நல்ல நோக்கம் அதைத் தடுத்துவிடாது. சேகரிப்பாளர்களுக்கும் மார்ட்டென்ஸ் என்ற ஒற்றைப் பெயர் வசதியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. பல பேர் சேர்ந்த கூட்டுறவைச் சந்தைக்குப் பிடிப்பதில்லை.

சி.ஏ.டி.பி.சி.யினர் இதற்குச் சொன்ன பதில் மிக ஆழமானது. அது ஒரு பழைய மரச்சிலையின் வழியே வந்தது. 1931-இல் அந்தப் பகுதியின் பெண்டே மக்கள் வரிக் கொடுமைக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராகக் கிளர்ந்தார்கள். மாக்சிமிலியன் பலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டார். பழிக்குப் பழியாக நூற்றுக்கணக்கான பெண்டே மக்களை அரசு கொன்றது. அந்த நாட்களில் அவர்கள் பலோவின் உருவத்தை மரத்தில் செதுக்கினார்கள். செத்தவரின் ஆவி ஊரை வருத்தாமல் அதற்குள் கட்டுண்டு கிடக்க வேண்டும், அதன் வலு தங்களுக்குக் காவலாக வேண்டும் என்பது நம்பிக்கை. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். பின்னர் அது வர்ஜீனியாவின் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே மரத்துண்டு எத்தனை பொருள்படுகிறது! செதுக்கியவர்களுக்கு அது அடக்கிவைத்த கோபம். சேகரித்தவருக்கு அரிய வரலாற்றுச் சான்று. அருங்காட்சியகத்துக்குப் பதிவேட்டில் ஓர் எண். காமிரா வைத்திருந்த எவரும் பக்கத்தில் இல்லாத நாளில், ஒடுக்கியவனின் உருவத்தை ஒடுக்கப்பட்டவர்களே பதிவுசெய்த ஆவணம் என்றும் அதைச் சொல்லலாம். ஆவணப்படம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பார்க்கப்படுகிறவர்களாக வறியவர்களையும் பார்க்கிறவர்களாக வசதி உள்ளவர்களையும் எண்ணிப் பழகிவிட்டோம். இங்கே பெண்டே மக்கள் பார்த்தார்கள், பார்த்ததைச் செதுக்கினார்கள். அந்தப் படிமத்தில் தெய்வ பயமும் இருந்தது. விற்கும் பொருளாக அவர்கள் அதைச் செய்யவே இல்லை.

சிலையை ஊருக்கு ஒருமுறையாவது தாருங்கள் என்று சி.ஏ.டி.பி.சி. கேட்டது. இழுபறி நீண்டது. 2022-இல் அவர்கள் சிலையின் படத்தைக் கொண்டு என்.எஃப்.டி. எனப்படும் மின்வழி உரிமைச் சீட்டுகளை வெளியிட்டு, அந்த வருமானத்திலும் நிலம் வாங்கப் போவதாக அறிவித்தார்கள். அருங்காட்சியகம் அதை ஏற்கவில்லை. தம் முன்னோர் செதுக்கியதன் பிம்பத்தைப் பயன்படுத்தவும் தொலைவில் உள்ள ஒருவரின் இசைவு வேண்டியிருந்தது. நியான் பலகை கேட்ட பழைய கேள்விதான் இது. இம்முறை கேட்டவர்கள் லுசாங்காக்காரர்கள்.

2024 வெனிஸ் பியன்னாலேயில் நெதர்லாந்தின் அரங்கு சி.ஏ.டி.பி.சி.க்கு வந்தது. மார்ட்டென்ஸும் காட்சி அமைப்பாளர் ஹிஷாம் காலிதியும் உடனிருந்தார்கள். காட்சியின் தலைப்பில் தெய்வ நிந்தனை, புனிதம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே வைத்தார்கள். காட்டப்பட்டவற்றில் ஒரு படம், அந்த வெண்சதுரக் கட்டடத்தின்மீதே ஊர்மக்கள் நடத்தும் விசாரணை. தோட்டங்களின் பணத்தில் வளர்ந்த உலகக் கலைக்கூடங்கள் அனைத்துக்கும் பிரதிநிதியாக அந்தச் சுவர்கள் கூண்டில் நிற்கின்றன. என்ரிக்கோவின் ஆலயத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் கிறிஸ்து இருந்தார். பணம் கொடுத்தவரே மீட்படைந்தோர் வரிசையில் தம்மை வரையச் செய்துகொண்டார். இங்கே தீர்ப்பு சொல்வது பழக்குலை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்.

அதே மாதங்களில் பலோவின் சிலை வர்ஜீனியாவிலிருந்து கடனாக லுசாங்காவுக்கு வந்தது. சிலை வெனிஸுக்குப் போகவில்லை. உலகமெங்கும் இருந்து வந்த சேகரிப்பாளர்களும் விமர்சகர்களும் வெனிஸ் அரங்கில் ஒரு திரையின் முன் நின்றார்கள். லுசாங்காவின் வெள்ளை அறையிலிருந்து வந்த நேரலைக் காட்சியில் அந்தச் சிலையைப் பார்த்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஊர்க்காரர்கள். நவம்பரில் கடன் கெடு முடிந்தது.